பாம்பன் பாலம்



கோணேசர் மலையடியில் கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கப்பல் செல்லும் கடலின் குறுக்கே புகையிரதமும் ஓடவேண்டுமெனில் என் செய்வது? அவ்வினாவுக்கு இரும்பு கூறிய விடையே பாம்பன் பாலம்.

1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பெற்ற அப்பாலம், மண்டபத்தையும் இராமேசுவரத் தீவையும் இணைத்தது. நீளம் 2 கிலோமீற்றருக்குச் சற்று மேல். தூண்களின்மீது 145 இரும்பு உத்தரங்கள் வரிசையாகக் கிடந்தன. கப்பற் பாதைக்கு மேலே மட்டும், அமெரிக்கப் பொறியியலாளர் ஷேர்சர் வகுத்த முறையில் அமைந்த தூக்குப் பாலம் இருந்தது.

அதற்கு இரு சிறகுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 415 தொன். சிறகின் அடிப்பாகம் சக்கரத் துண்டுபோல் வளைந்தது. அப்பக்கத்தில் எதிர்ப்பாரம் ஏற்றப்பட்டிருந்தது. அடி பின்னோக்கி உருள, நுனி வானோக்கி எழும். எதிர்ப்பாரம் சுமையைச் சமன் செய்தமையால், ஆட்கள் நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்றியே அதனைத் திறந்தனர். மிஷன் பாடசாலையில் நெம்புகோல் விதியைப் பரீட்சைக்காக மனனஞ்செய்த நாம், அதன் பெருமையை இங்கன்றோ உணர்கிறோம்!

நம் முன்னோர் காலோயா, மாகோ வழியாகச் சென்று, வண்டி மாறித் தலைமன்னாரை அடைந்து, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினர். பின் இப்பாலத்தின் வழியே தமிழகம் சென்றனர். சம்பந்தர் பாடிய கோணேசுவரமும் இராமேசுவரமும் அவர்களுக்கு அயலூர்களாகவே இருந்தன.

1964 டிசம்பர்ச் சூறாவளியை இங்குள்ள பெரியோர் மறந்திரார். திருகோணமலையைத் தாக்கிய அதே புயல் தனுஷ்கோடியையும், அதனை நோக்கிச் சென்ற பயணிகள் வண்டியையும் விழுங்கியது. பாலத்தின் 126 உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன; தூக்குப் பாலமோ நிலைத்து நின்றது. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியியலாளரின் மேற்பார்வையில் 46 நாட்களிற் பாலம் சீராயிற்று. தனுஷ்கோடித் துறை மட்டும் மீளவில்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் போரினால் நின்றது.

உப்புக் காற்றில் நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாலத்தில் 2022இல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்பிரல் 6இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீற்றர் நீளமான நடுப்பகுதி, மின்விசையால் நேராக மேலெழுகிறது.

அன்பர்களே, வண்டிக்கு வழிவிடத் தாழ்ந்தும், கப்பலுக்கு வழிவிட உயர்ந்தும் நின்ற பகுதியே புயலை வென்றது. விட்டுக்கொடுத்தல் பலவீனமன்று. அறுந்த உறவுகளைத் தொடுக்கும் பணி இளைஞராகிய நம் கையில் உள்ளது. அதற்கு உறுதியும் வேண்டும், வழிவிடும் பண்பும் வேண்டும்.