குழந்தை தெம்பா இருக்கும்போதே கேளுங்க



சேமிப்பு, உள்கடன், தவணை பத்தி நிறைய பேசியாச்சு. நான் தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோயைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்.

தாய், தகப்பன் ரெண்டு பேரும் நோயில்லாம, அதைச் சுமக்கிறவங்களா மட்டும் இருப்பாங்க. ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால மருமகளை மட்டும் ஏசுறதை முதல்ல நிறுத்துவோம்.

நோய் கடுமையா இருக்கும் குழந்தைக்கு ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏத்தணும். அந்த ரத்தத்தோட சேரும் இரும்புச்சத்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். அதை வெளியேத்தத் தொடர்ந்து மருந்து வேணும்.

இதைக் குணப்படுத்த எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கு. வேலூர் சி.எம்.சி.யில் 1986லேயே தொடங்கியாச்சு. "புள்ள நல்லாத்தானே ஓடியாடுது, பெருசாகட்டும்"னு தோணும். ஆனா ஈரல் கெடறதுக்கு முன்னால, சின்ன வயசுல செஞ்சாத்தான் பலன் அதிகம்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. முதல்ல பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்தால அழிப்பாங்க. தொற்று வரலாம். புது மஜ்ஜை பிடிக்காமப் போகலாம், உடம்பையே தாக்கலாம். பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கலாம். உயிரிழப்பும் உண்டு. விளையாடிட்டிருக்கும் பிள்ளையை இதுக்கு ஒப்படைக்கறது லேசான முடிவில்லை.

அதனால முதல் படி ஆபரேஷன் இல்லை, பொருத்தம் பார்க்கும் பரிசோதனை. கூடப்பிறந்த ஒவ்வொருத்தருக்கும் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கொடுக்கும் பிள்ளைக்கு மஜ்ஜை திரும்ப ஊறிடும். பிறகு டாக்டரிடம் கேளுங்க: ஈரல் எப்படி இருக்கு? எங்க பிள்ளைக்கு ஆபத்து எவ்வளவு? இங்கே எத்தனை பேருக்குச் செஞ்சீங்க, எத்தனை பேர் பிழைச்சாங்க?

நகையை அடகு வைக்கும் முன்னாடி, கந்துவட்டிக்குப் போகும் முன்னாடி, உதவித் திட்டங்களை விசாரிங்க. கோல் இந்தியா நிதியில், மத்திய சுகாதாரத் துறை மூலம் தகுதியுள்ள குழந்தைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் திட்டம் ஒண்ணு இருக்கு.

பொருத்தம் இல்லாமலோ பயந்தோ வேண்டாம்னு முடிவெடுத்த தாயைக் குறை சொல்லாதீங்க. ஒழுங்கா ரத்தமும் மருந்தும் கிடைச்சா அந்தப் பிள்ளையும் வளர்ந்து ஆளாகும்.

குழுவால முடிஞ்சது நிறைய இருக்கு. அந்தத் தாய் மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தவணைக்கு அவகாசம் கொடுக்கலாம். மத்த பிள்ளைகளைப் பார்த்துக்கலாம். நம்ம வீட்டு ஆட்களை ரத்ததானம் செய்யச் சொல்லலாம். கல்யாணத்துக்கு முன்னாடியோ, கர்ப்பமான உடனேயோ ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். அடுத்த கூட்டத்துல இதைத் தீர்மான நோட்டில் எழுதிடுங்க.