பில் வந்த வீடு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் செயலாளர் என்னைப் பேசக் கேட்டபோது, "டொக்டர், நீரிழிவைப் பற்றிச் சொல்லுங்கோ, இல்லாட்டி பிரஷரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் இன்று பேசப்போவது ஒரு கொம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி. கோபிக்க வேண்டாம். கடைசியில் நீரிழிவுக்கும் வந்து சேருவேன்.

எனது மகளுக்குப் பதின்மூன்று வயது. விடுமுறை நாட்களில் 'சிம்ஸ்' என்றொரு விளையாட்டு விளையாடுவாள். அறியாத அக்காமாருக்காகச் சொல்கிறேன். இதிலே சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. ஒரு குடும்பத்தை உருவாக்கி, வீடு கட்டி, சமைத்து, வேலைக்கு அனுப்பி, பிள்ளை வளர்ப்பதுதான் விளையாட்டு. நாங்கள் சின்ன வயதில் சிரட்டையில் மண் சோறு ஆக்கி விளையாடினோமே, அதேதான். ஒவ்வொருவருக்கும் பசி, உறக்கம், சுத்தம், மலசலம், மகிழ்ச்சி, உறவு என்று ஆறு தேவைகள் உண்டு. ஒன்று குறைந்தாலும் ஆள் வாடிவிடும். மருத்துவ மாணவர்களுக்கு நான் கற்பிப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

புதுக் குடும்பத்துக்குக் கையில் 20,000 சிமோலியன் கிடைக்கும். சிமோலியன் என்பது அந்த உலகத்துக் காசு. கிழமைக்கு ஒருமுறை வாசலில் உள்ள தபால் பெட்டிக்குப் பில் வரும். வீடும் வீட்டுக்குள் உள்ள சாமான்களும் எவ்வளவு பெறுமதியோ அதற்கேற்பப் பில்லும் ஏறும். கட்டாமல் விட்டால் முதலில் எச்சரிக்கை வரும், பிறகு கரண்ட் நிற்கும், அதற்குப் பிறகு தண்ணீர் நிற்கும். 2000ஆம் ஆண்டில் வந்த முதல் விளையாட்டிலே இன்னும் கடுமை. பில் கட்டாத வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஒரு நாள் இரவு மகள் "ஐயோ" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அவளது விளையாட்டு வீடு இருட்டாகக் கிடக்கிறது. நீச்சல் தடாகமும் பெரிய தொலைக்காட்சியும் வாங்கியவள் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அம்மா, எங்கட வீட்டு கரண்ட் பில் எவ்வளவு வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

இருபது வருடமாகச் சம்பளம் எடுப்பவள் நான். எத்தனை மருந்தின் அளவு மனப்பாடம்! சொந்த வீட்டின் மின்சாரப் பில் தெரியாது. "அப்பாவிடம் கேள்" என்றேன். அவரோ, "நீர் போனிலை கட்டுறீர் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். லாச்சியைத் திறந்தோம். இரண்டு மாதப் பில்லும் அதன் மேல் சிவப்பு நோட்டீசும் இருந்தன. அடுத்த நாட் காலை முதல் வேலையாகக் கட்டினோம். வீட்டில் காசு இருந்தும் வெட்டு வாங்கியிருப்போம். மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விபரிக்கப் போவதில்லை.

அன்று இந்த விளையாட்டின் கதையைத் தேடி வாசித்தேன். இதை உருவாக்கியவர் வில் ரைட் என்ற அமெரிக்கர். 1991 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பெருந்தீ பரவியபோது அவரது வீடு எரிந்துபோனது. பிறகு வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கியபோது, ஒரு வீட்டுக்கு உண்மையில் என்னென்ன தேவை, எதை முதலில் வாங்க வேண்டும் என்று யோசித்தாராம். அந்த யோசனையில் இருந்துதான் இந்த விளையாட்டு பிறந்தது.

வாசித்ததும் நான் கொம்பியூட்டரை மூடிவிட்டு அம்மாவின் அறைக்குப் போனேன். ஏனென்றால் அந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் மழைக்குள் வீடுகளை விட்டு வெளியேறினோம். இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் செம்மணி வீதியில் அந்தச் சனத்துக்குள் நின்றவர்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று அன்று எங்கள் தாய்மார் முடிவெடுக்கச் சில மணி நேரம்தான் இருந்தது. என் அம்மா எடுத்த சாமான்களுக்குள் ஒரு கணக்குக் கொப்பியும் இருந்தது.

அந்தக் கொப்பி இன்றும் இருக்கிறது. 1990இலே மின்சாரம் போன பின்பு எழுதத் தொடங்கியது. மண்ணெண்ணெய் எத்தனை போத்தல், என்ன விலை, சங்கக் கடையில் கூப்பனுக்கு என்ன கிடைத்தது, யாரிடம் கைமாற்று வாங்கினோம், எப்போது திருப்பினோம் என்று வரிவரியாக இருக்கிறது. ஜாம் போத்தல் விளக்கு உங்களுக்கு நினைவிருக்கும். அடியிலே பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, காற்று அணைக்காமல் கண்ணாடிக்குள் எரியும் சின்னத் திரி. நானும் என் வகுப்பினரும் உயிரியல் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். கொப்பியின் ஓரிடத்தில், "சோதனை, இரண்டு விளக்கு" என்று எழுதியிருக்கிறது. எனக்குச் சோதனை வந்த மாதம் அது. இரண்டாவது விளக்குக்காக அந்த மாதம் எதை வெட்டினா என்று தேடினேன். அவவுடைய தேயிலைக்கும் சீனிக்கும் நேரே கோடு போட்டிருந்தது.

அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு மின்சாரப் பில் வந்ததே இல்லை. பில் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அது இருட்டாக இருக்கும். மீண்டும் கரண்ட் வந்து முதற் பில் வந்தபோது அம்மா அதைக் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் கொப்பிக்குள் ஒட்டி வைத்தா. ஒரு பிறப்புச் சான்றிதழைப் போல இன்றும் அது அதற்குள் இருக்கிறது.

இனி நீரிழிவுக்கு வருகிறேன்.

அந்தச் சமயத்தில் எனது கிளினிக்குக்கு ஒரு தாய் வந்துகொண்டிருந்தா. வயது அறுபதைத் தாண்டியவ. இன்சுலின் போடுகிறவ. சீனியின் அளவு எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. சாப்பாட்டைக் கேட்டேன், ஊசி போடும் முறையைப் பார்த்தேன், எல்லாம் சரி. இரண்டு தடவை மருந்தின் அளவைக் கூட்டினேன். மகளின் விளையாட்டு வீடு இருண்ட அந்தக் கிழமை மூன்றாவது தடவையாக வந்தா. அன்று, என்னையறியாமலே கேட்டேன்: "அம்மா, வீட்டில லைற் எரியுதா?"

அவ பேசவில்லை. கூட வந்த பேத்திதான் சொன்னாள்: "கரண்ட் வெட்டி ஒன்றரை மாசம், டொக்டர்."

பிரிட்ஜ் வெறும் அலுமாரியாக நின்றிருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், அதற்குள்தான் இன்சுலின் இருந்திருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். திறந்ததை வெளியில் ஏறத்தாழ நான்கு கிழமை வைக்கலாம், ஆனால் இடம் 30 பாகையைத் தாண்டக் கூடாது. சூடு ஏறினால் மருந்தின் வலு போய்விடும். நான் அளவைக் கூட்டிக் கூட்டி எழுதியது வலு இழந்த மருந்துக்கு. அந்தத் தவறு என்னுடையது. கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

பில் பெரிய தொகையும் இல்லை. கணவர் இருக்கும்வரை அவரே கட்டியிருக்கிறார். அவர் போன பின்பு வெளிநாட்டில் இருந்த மகன் அனுப்பினான். மகனுக்கு வேலை போனது. கணக்கு இறந்தவரின் பெயரில் இருந்ததால், அலுவலகத்துக்குப் போனால் ஏதும் பிரச்சினை வரும் என்று பயந்து, தாய் போகவேயில்லை. வெட்கத்தில் அயலவருக்கும் சொல்லவில்லை. டொக்டருக்கு இதைச் சொல்லலாம் என்று அவவுக்குத் தோன்றவுமில்லை. அன்றே ஒரு மண்பானைக்கு வழி செய்தோம். பானைக்குள் ஈர மணலிட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, மருந்தை நனையாமல் பொதி செய்து வைத்தால், குளிர்சாதனம் இல்லாத வீட்டிலும் சூட்டைக் கணிசமாகக் குறைக்கலாம். பிறகு கட்டணத்தைத் தவணையாகக் கட்டக் கேட்டு, கரண்டும் திரும்ப வந்தது. சீனியும் இறங்கியது. கூட்டிய மருந்தை நான் குறைத்தேன்.

விளையாட்டு சரியாகச் சொல்லும் விடயங்கள் உண்டு. பில் என்பது நாங்கள் வாங்கும் சாமான்களின் நிழல். ஏ.சி. வாங்கும்போது கடையில் கொடுப்பது முதற் கட்டணம் மாத்திரம், மிச்சம் மாதா மாதம் வரும். கரண்ட் போனால் தண்ணீரும் போகும் என்பதும் எங்களுக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிணற்றை நம்பி வாழ்ந்தவர்கள், தண்ணீருக்குப் பில் அறியாதவர்கள். ஆனால் துலாவை விட்டு மோட்டருக்கு மாறிய நாளிலிருந்து கிணறும் மின்சாரப் பில்லுக்குள் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பின்பு, குழாய்த் தண்ணீருக்கான பில்லும் பல வீடுகளுக்குப் புதிதாக அறிமுகமாகிறது.

விளையாட்டில் இல்லாதவையும் உண்டு. அங்கே சாமத்திய வீடு இல்லை, அந்தியேட்டி இல்லை, மொய் இல்லை. காசு முடிந்தால் ஒரு இரகசியச் சொல்லை அடித்தவுடன் 50,000 சிமோலியன் கொட்டும். எங்கள் பெண்களுக்கு அந்த இரகசியச் சொல்லாக வந்தது நுண்கடன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. பில்லைக் கட்டக் கடன், கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று போன கதைகளின் முடிவுகளை மருத்துவர்களாகிய நாங்கள் வார்டுகளில் பார்த்திருக்கிறோம். அதை விரித்துப் பேச இது இடமல்ல.

2022இன் நெருக்கடி உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் 13 மணி நேரம்வரை மின்வெட்டு. அந்த ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், ஆறே மாதத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு. பின்னர் சில தடவை குறைந்தாலும், பில்லைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போடும் பழக்கம் பலருக்கு அப்போதுதான் தொடங்கியது. பயந்தால் நாங்கள் பார்க்க மாட்டோம். மார்பில் கட்டியைத் தொட்டுணர்ந்தும் ஆறு மாதம் வராமல் இருக்கும் பெண்ணின் பயமும் இதே பயம்தான்.

ஆகவே நான்கு விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பில்லை வாசியுங்கள். வீட்டுப் பாவனைக்கு 60 அலகு ஒரு எல்லைக்கோடு. அதற்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை, தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலையும் கூடிய நிலையான கட்டணமும் வரும். தனியே இருக்கும் ஒரு வயோதிபத் தாய்க்கு 58 அலகுக்கும் 63 அலகுக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது.

இரண்டாவது, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மறைந்த தாத்தாவின் பெயரில் எத்தனை வீடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன! சுகமாக இருக்கும்போதே மாற்றி வையுங்கள்.

மூன்றாவது, கட்ட முடியாவிட்டால் வெட்டுவதற்கு முதலே போய்க் கேளுங்கள். தவணை கேட்பது பிச்சை கேட்பது அல்ல. வீட்டில் இன்சுலினோ மூச்சுக்கான நெபுலைசரோ பாவிப்பவர் இருந்தால், மின்சாரப் பில்லை மருந்துச் செலவுக்குள் எழுதுங்கள்.

நான்காவது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் எங்கள் சகோதரிகளுக்கு. உங்கள் பில் வங்கியிலிருந்து தானாகவே போய்விடும், நீங்கள் அதைக் காண்பதும் இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கும்போது, "கரண்ட் பில் வந்ததா, எவ்வளவு" என்றும் ஒரு தரம் கேளுங்கள். சுகம் விசாரிப்பதில் அதுவும் சேர்ந்ததுதான்.

இதே கல்லூரியில் மனையியல் ரீச்சர் எங்களுக்கு ஒரு மாத வரவு செலவுத் திட்டம் எழுதத் தந்தபோது, விஞ்ஞானப் பிரிவுக்குப் போகப்போகும் நாங்கள் மேசைக்குக் கீழே சிரித்தோம். அந்த ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்கள் முன்னிலையில் கேட்கிறேன். உயர்தர மாணவிகளுக்கு வருடத்தில் ஒரு பாடவேளையாவது, உண்மையான ஒரு பில்லைக் கையில் கொடுத்து வாசிக்கக் கற்பிக்க எங்கள் சங்கம் முன்வருமானால் முதல் வகுப்பை எடுக்க நான் தயார்.

போன விடுமுறையில் மகள் அம்மம்மாவைக் கொம்பியூட்டர் முன் இருத்தி விளையாடச் சொன்னாள். அம்மா ஒரு சின்ன வீடு கட்டினா, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேசை. பில் வந்த உடனே முதலில் அதைக் கட்டினா. மகளுக்குப் பொறுமை இல்லை. "அம்மம்மா, இன்னும் நாள் இருக்கு, ரி.வி. வாங்குங்கோ" என்றாள்.

"பில் வந்தா உடன கட்டிப்போடு பிள்ளை" என்றா அம்மா. "லைற் எரிஞ்சிருக்கு எண்டுதானே அது வருது."