கொள்ளை நோயும் ஆராய்ச்சியும்



கொரோனாக் கொள்ளை நோய் உலகைக் கலக்கிய காலத்தில் படித்தவர்களின் ஆராய்ச்சி எந்தப் போக்கில் போயிற்று என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முன்பெல்லாம் ஒரு கட்டுரையைப் பிற நிபுணர்கள் பார்வையிட்டு, அது அச்சேற மாதக்கணக்காகும். 2020 ஜனவரியில் கிருமியின் மரபணு வரிசை உலகத்தார் எல்லோருக்கும் வெளியிடப்பட்டது முதல், பார்வையிடுவதற்கு முன்பே கட்டுரைகளை வெளியிடுவது வைத்திய ஆராய்ச்சியில் சர்வ சாதாரணமாகி விட்டது. அவசரத்தில் பிழை வரும் என்று சிலர் பயந்தார்கள். பயம் நியாயந்தான். ஆனால் பெரிய பிழை எங்கே வந்தது தெரியுமா?

2020 மே 22-ந் தேதி, நிபுணர்கள் பார்வையிட்ட கட்டுரையாகவே, 'லான்செட்' என்னும் பேர்பெற்ற பத்திரிகையில் வந்தது! ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தவர்களில் சாவு அதிகம் என்றது அது. உடனே உலக சுகாதார ஸ்தாபனம் தன் சோதனையில் அம்மருந்தை நிறுத்தி வைத்தது. "கணக்குக்கு ஆதாரம் எங்கே?" என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். காட்ட முடியவில்லை. ஜூன் 4-ந் தேதி கட்டுரை வாபசாயிற்று.

அதனால் அம்மருந்து நல்ல மருந்தாகி விட்டதா? இல்லை. மறுநாளே, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் நடத்திய 'ரெகவரி' சோதனையில் அதனால் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்து, பலனை எண்ணிப் பார்த்த சோதனை அது. அதே சோதனை, டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து சுவாச யந்திரத்திலிருந்த நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று ஜூன் 16-ந் தேதி காட்டிற்று. பேரும் புகழும் செய்யாததை எண்ணிக்கை செய்தது.

இன்னொரு விஷயம். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது யாருடைய ஆராய்ச்சி நின்றது? 2020-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விசாரித்தவர்கள், சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கும் பெண்களுக்குமே ஆராய்ச்சி நேரம் அதிகமாய்க் குறைந்ததாகக் கண்டார்கள். வியாதி எல்லோருக்கும் பொது. அடுப்பும் தொட்டிலும் மாத்திரம் பொதுவாகவில்லை!

ஆகவே தோழர்களே! விஞ்ஞானம் தவறே செய்யாது என்று நாம் சொல்ல வரவில்லை. தவறு செய்தால் பதின்மூன்று நாளில் அதைத் தவறென்று ஒப்புக்கொள்ள வைக்கும் வழி அதனிடம் இருக்கிறது என்றே சொல்லுகிறோம். அந்த வழி, ஆதாரம் கேட்பதுதான். அதைக் கேட்க நீங்களும் கூச்சப்படாதீர்கள் என்று கூறி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.