செஞ்சோற்றுக் கடனுக்கும் மேலான கடன்

 

1972 நவம்பர் தேர்தலில் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றவர் ரிச்சர்ட் நிக்சன். அவரே 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவியைத் துறந்து வெளியேறினார். இவ்வளவு பெரிய வெற்றியாளரை வீழ்த்தியது யார்?

முதலில் ஓர் இரவுக் காவலரைச் சொல்ல வேண்டும். 1972 ஜூன் 17, வாஷிங்டன் நகரில் வாட்டர்கேட் கட்டடம். ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயது இளைஞர் சுற்றி வருகிறார். ஒரு கதவின் தாழ்ப்பாள் விழாதபடி யாரோ ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால், அதே இடத்தில் மறுபடியும் நாடா! உடனே போலீசுக்குப் போன் செய்கிறார். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமையகத்தில், ஒட்டுக்கேட்கும் கருவிகளோடு ஐந்து பேர் பிடிபடுகிறார்கள். ஒரு வல்லரசையே உலுக்கிய வழக்கு அந்தத் துண்டு நாடாவில்தான் தொடங்கியது.

பிடிபட்டவர்களுக்கும் நிக்சன் தரப்புக்கும் உள்ள தொடர்பை வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் துருவினார்கள், செனட் குழு விசாரித்தது. அதிபர் தம் அறையில் பேசியதெல்லாம் ஒலிநாடாவில் பதிவாகியிருப்பது 1973 ஜூலையில் வெளிப்பட்டது. அந்த நாடாக்களைத் தரும்படி கோரிய சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி, அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனுக்கு நிக்சன் உத்தரவிட்டார். ரிச்சர்ட்சன் நிக்சனே அமர்த்தியவர். ஆனால், காக்ஸின் விசாரணையில் தலையிடுவதில்லை என்று செனட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர். உத்தரவை நிறைவேற்ற மறுத்தார், பதவியை உதறினார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவர்தான் கையெழுத்துப் போட்டார். 1973 அக்டோபர் 20-ஆம் நாளின் அந்த இரவை அமெரிக்கா இன்றும் மறக்கவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1974 ஜூலை 24 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: நாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும். அவர்களில் மூவர் நிக்சன் நியமித்தவர்கள்! மூன்று நாள் கழித்து, பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு பதவிநீக்கக் குற்றச்சாட்டை 27-க்கு 11 என்று நிறைவேற்றியது. நிக்சனின் குடியரசுக் கட்சியினர் ஆறு பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பிறகு வெளிவந்த நாடாவில், விசாரணையைத் தடுக்க அவரே ஒப்புதல் தந்த குரல் கேட்டது. கட்சியின் மூத்தவர் பாரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட தலைவர்கள் நேரில் போய், செனட்டில் போதிய ஆதரவு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

நண்பர்களே! தம்மை உயர்த்தியவருக்கே பணிய மறுத்தது நன்றிகேடா? கர்ணனுக்காக உருகாத தமிழ் நெஞ்சம் உண்டா? தவறான பக்கம் என்று தெரிந்தும், செஞ்சோற்றுக் கடனுக்காக உயிர் கொடுத்தான். ஆனால் குடியரசில் நீதிபதியும் அமைச்சரும் அதிகாரியும் உண்பது தலைவர் வீட்டுச் சோறு அல்ல, மக்களின் வரிப்பணம்! அவர்கள் தீர்க்க வேண்டிய கடன் மக்களுக்கு, சட்டத்துக்கு.

அடுத்து அதிபராக வந்த ஃபோர்டு நிக்சனை மன்னித்துவிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிக்சன் சிறை செல்லவில்லை. காவலர் வில்ஸோ பின்னாளில் வறுமையில் வாடினார். அந்த அநீதிகள் என் நெஞ்சையும் சுடுகின்றன. ஆயினும், முன்னாள் அட்டர்னி ஜெனரல் மிட்செலும் அதிபரின் வலக்கரமான ஹால்டெமனும் சிறைக் கம்பி எண்ணினார்கள். சட்டத்தை வளைத்தவர் நாற்காலியில் நீடிக்க முடியவில்லை.

மாணவச் செல்வங்களே! அரசியல் சட்டம் தானாக எழுந்து வந்து எவரையும் தடுப்பதில்லை. ‘மாட்டேன்’ என்று சொல்லும் மனிதர்கள் வழியாகத்தான் அது தடுக்கிறது. நாளை நீங்களும் அலுவலராக, நிருபராக, நீதிபதியாக அமர்வீர்கள். உங்களை உயர்த்தியவரே ஒரு நாள் தவறான தாளை நீட்டுவார். அன்று நன்றியின் பெயரால் கையெழுத்துப் போடாதீர்கள்! பதவி போனாலும் போகட்டும், மறுத்து நில்லுங்கள்! மக்களாட்சிக்கு அதைவிடப் பெரிய காவல் வேறில்லை.