சூரிய ஒளியும் லயத்துக் கூரையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தைப்பொங்கலன்று புளத்கொகுபிட்டியத் தோட்டங்களிலே வாசல்தோறும் சூரியனுக்குப் பொங்கலிடுகிறோம். அச்சூரியனே இரவில் விளக்காகவும் எரியக் கூடும் என்று மிஷன் பாடசாலையின் பௌதிக வகுப்பிற் கற்றோம். ஆயின், நாம் பிறந்த நாட்களிலும் பல லயங்களில் குப்பி விளக்கே புகைந்தது. ஏன்? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் நாட்டில் மின்கம்பி எட்டாத கிராமங்களுக்குச் சூரிய ஒளியைக் கொண்டு சென்றது பெரும்பாலும் தனியார் முயற்சியே. 1997ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுடனும் பூகோள சுற்றாடல் நிதியத்தின் நன்கொடையுடனும் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. செல்கோ, ஷெல் சோலார் முதலிய கம்பெனிகள் சூரிய ஒளித் தகடுகளை விற்றுப் பூட்டிக் கொடுத்தன. சர்வோதய இயக்கத்தின் சீட்ஸ் நிறுவனம் வாங்குவோருக்குக் கடன் கொடுத்துத் தவணைப் பணத்தை அறவிட்டது. கூரையில் ஒரு தகடு, உள்ளே ஒரு பற்றரி, சில மின்குமிழ்கள், ஒரு வானொலி அல்லது சிறு தொலைக்காட்சி, இவ்வளவே சாதனம். 2002இல் அத்திட்டம் முடிந்தபோது 20,000க்கு மேற்பட்ட வீடுகள் ஒளி பெற்றிருந்தன. அதைத் தொடர்ந்து 2011 வரை நடந்த திட்டத்தில் மேலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்தன.

மண்ணெண்ணெய்க்குச் செலவான காசையே தவணையாக மாற்றியது இம்முறையின் சிறப்பு. ஆனால், கடன் என்றால் பிணை வேண்டும். சொந்த வீடும் காணியும் உள்ள கிராமத்தவரை நம்பிக் கடன் கொடுப்பது எளிது. லயத்தில் வாழும் தொழிலாளிக்கோ காம்பராவும் தோட்டத்துக்குரியது; கூரைத் தகரமும் தோட்டத்துக்குரியது. அதில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அவரை நம்பிக் கடன் கொடுக்க எந்த வியாபாரி முன்வருவார்?

குறைகளையும் மறைக்கலாகாது. பற்றரி சில ஆண்டுகளில் நலிந்துவிடும். நமது மழைப் பிரதேசத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வெயில் அரிது. 2016 அளவில் மின்கம்பி ஏறத்தாழ நாடெங்கும் பரவிவிட்டது. கம்பி வந்ததும் பலர் தகட்டைக் கைவிட்டனர். சிலருக்குக் கடனே மிஞ்சியது.

அதே 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்னும் திட்டம் பிறந்தது. கூரையில் உண்டாகும் மின்சாரத்தை விற்றுப் பணம் பெறவும் அது வழி திறந்தது. இம்முறையும் கூரை யாருடையது என்ற கேள்வியே நம்மைத் தடுக்கிறது. இந்திய உதவியுடன் மலையகத்தில் 7 பேர்ச் காணியில் எழுந்த தனி வீடுகளை எண்ணிப் பாருங்கள். காணி உறுதி கையிலிருந்தால் அக்குடும்பம் வங்கியின் வாசலில் கூசாமல் நிற்கலாம்.

ஆகவே, வாலிப நண்பர்களே, இரண்டு பணிகளை ஏற்போம். நம்மில் சிலர் தகடும் பற்றரியும் பழுது பார்க்கக் கற்போம். ஏனையோர் வீடு வீடாகச் சென்று, காணி உறுதி உள்ளோர் யார், இல்லாதோர் யார் எனப் பதிவேடு எழுதுவோம். பெரியோர்களே, உங்கள் கையிலுள்ள பழைய கடிதங்களை எங்களிடம் காட்டுங்கள். அடுத்த பொங்கலுக்குள் அப்பதிவேட்டை முடித்து இதே மேடையில் வாசிப்போம்.