மருத்துவர் குழுவிடம் சொல்ல வேண்டியது



சொக்சோ என்றால் வேலையில் விபத்துக்குள்ளானவருக்குக் கிடைக்கும் பணம் என்றே நம் தோட்டங்களில் பலர் எண்ணியிருக்கிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயலாமை ஓய்வூதியம் என்று இன்னொன்றும் உண்டு. இதற்கு நோய் வேலையால் வந்திருக்க வேண்டியதில்லை. பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ எதுவாயினும், அது நிரந்தரமானதாக, குணமாகாததாக இருக்க வேண்டும். உடல்நலமுள்ள தொழிலாளி வழக்கமாக ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட, தம் வலுவுக்கேற்ற வேலை செய்து ஈட்ட இயலாதவராகவும் இருக்க வேண்டும். பொதுவாக 60 வயது நிறையுமுன் மனுச் செய்ய வேண்டும். இயலாமை உண்டா என்று முடிவு சொல்வது மருத்துவர் குழு.

“வலுவுக்கேற்ற வேலை” என்பதைக் கவனியுங்கள். “இனிப் பால் வெட்ட முடியாது” என்பது மட்டும் போதாது. புல் வெட்டலாமா, காவல் வேலை பார்க்கலாமா என்ற கேள்வியும் எழும். ஆகவே பழைய வேலையையும், பிறகு முயன்று பார்த்த இலேசான வேலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை நாள் தாக்குப்பிடித்தீர்கள், ஏன் விட்டீர்கள், எவ்வளவு சம்பளம் வந்தது என்பனவெல்லாம் வேண்டும்.

மனுத்தாளில் பெரும்பாலும் “தோட்டத் தொழிலாளி” என்ற இரண்டே சொற்கள் இருக்கும். பட்டணத்து மருத்துவருக்கு அதிலிருந்து என்ன விளங்கும்? விடியுமுன் எழுந்து மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்ததும், பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்ததும் அதில் இல்லை. செம்பனைக் காட்டில் நீண்ட கம்பை அண்ணாந்து பிடித்துக் குலை அறுத்ததும், இருபது கிலோ குலையைத் தூக்கி வண்டியிலிட்டதும் இல்லை. அப்பா சொல்லச் சொல்ல, பள்ளி செல்லும் மகனோ மகளோ எழுதட்டும். எந்த ஆண்டு எந்தத் தோட்டம், என்ன வேலை, எவ்வளவு பாரம், எத்தனை மணி நேரம் என்று எழுதினால் போதும், அலங்காரம் வேண்டாம்.

இனி, சந்தா. மனுவுக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. ஒழுங்காகச் சந்தா கட்டியவரே ஆனாலும், வேலையை விட்டு 16 மாதங்களுக்கு மேல் நாட்டு மருந்தோடு வீட்டிலிருந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். இன்னொரு வழி, முதற்சந்தா தொடங்கிய நாள்முதல் மனு வரையுள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்காவது சந்தா இருப்பது. அதுவும் 24 மாதங்களுக்குக் குறையக் கூடாது. மூன்றில் ஒரு பங்கே இருந்தால் குறைந்த ஓய்வூதியம்.

இங்கேதான் குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர்கள் அடிபடுகிறார்கள். சந்தா கட்டாத மாதங்கள் மொத்தக் கணக்கில் ஏறும், சந்தாக் கணக்கில் ஏறா. கையில் இரண்டு வெள்ளி கூடுதலாக வருகிறதென்று இதற்கு இணங்குவது பெரிய நட்டம் என்பது என் எண்ணம். சம்பளச் சீட்டில் சொக்சோப் பிடித்தம் இருக்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். இல்லையென்றால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

மனு தள்ளப்பட்டால் மேல்முறையீட்டு மருத்துவர் குழு இருக்கிறது. கடிதம் வந்ததும் முதலில் அதிலுள்ள கெடுத் தேதியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.