ஆடும் கப்பலில் ஆடாத கிண்ணம்



நமது பலெர்மோவின் அரண்மனைக் கோபுரத்தில் ஒரு வட்டக் கருவி இருக்கிறது. லண்டனில் ராம்ஸ்டென் என்பவர் 1789இல் செய்து முடித்தது. 1801 ஜனவரி 1ஆம் தேதி இரவு ஜுசெப்பே பியாட்சி என்ற குருவானவர் அதைக்கொண்டு சீரிஸ் என்னும் குறுங்கோளைக் கண்டார். அந்தக் கருவிக்கு அசையாத கட்டடம் ஆதாரமாயிருந்தது.

கப்பலில் கற்சுவர் ஏது? நாப்போலிக்குப் போகும் இரவுக் கப்பலில் ஏறியவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். அதற்காகவே திசைகாட்டியை இரண்டு வளையங்களில் தொங்கவிட்டார்கள். வெளிவளையம் பெட்டியோடு இரண்டு முளைகளில் சுழலும். திசைகாட்டிக் கிண்ணம் அந்த வளையத்துக்குள் குறுக்காக இரண்டு முளைகளில் சுழலும். கப்பல் பக்கவாட்டில் சரிந்தால் ஒன்று திரும்பும். முன்னும் பின்னும் எழுந்து தாழ்ந்தால் மற்றது திரும்பும். கிண்ணம் சற்றே ஊசலாடி மறுபடி மட்டத்துக்கு வந்துவிடும். இத்தாலியரான கார்டானோவின் பெயரால் இது அழைக்கப்பட்டாலும், அவருக்கு வெகுகாலம் முன்பே சீனாவில் தணல் கொட்டாத தூபக்கலசங்களை இப்படிச் செய்தார்கள்.

இதன் இரகசியம் ஒன்றே: பாரம் முளைகளுக்குக் கீழே இருக்கவேண்டும். மேலே இருந்தால் கிண்ணம் கவிழ்ந்துபோகும். இறுகப் பூட்டி வைத்தாலோ கப்பலோடு சேர்ந்து சரியும்.

பவுல் ஏறிய கப்பலில் திசைகாட்டி இல்லை. அநேக நாளாய்ச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பதினாலாம் இரவு கழிந்து விடியும் வேளையில், 276 பேருக்கு முன்பாக அவர் அப்பத்தை எடுத்து, தேவனுக்கு நன்றி சொல்லிப் புசித்தார். அதைக் கண்டு எல்லாரும் திடன்கொண்டு சாப்பிட்டார்கள். புயல் அப்போதும் ஓயவில்லை. ஒரு மனிதனின் உள்ளம் மட்டத்தில் நின்றது, அவ்வளவுதான். கப்பல் உடைந்தது, ஒருவரும் அழியவில்லை. மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கியபின், நமது இந்தத் தீவின் சீரகூசாவில் அவர் மூன்று நாள் இருந்தார்.

பிரியமானவர்களே, வேலை போகலாம், சொஜோர்னோ தாமதமாகலாம், ஊரிலிருந்து துக்கச் செய்தி வரலாம். ஆட்டமே வராது என்று நான் சொல்லமாட்டேன். அந்த இரவில் உங்கள் பிள்ளைகள் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். பாரத்தைத் தலையில் சுமக்காமல் முழங்காலில் இறக்கி வையுங்கள். பின்பு எழுந்து, நன்றி சொல்லி, அவர்களுக்குச் சோறு பரிமாறுங்கள்.

கர்த்தர் உங்களை நிலைநிறுத்துவாராக. ஆமென்.